டிஸ்க் தேய்மானத்துக்கு பிஆர்பி ஊசியா, ஸ்டெம் செல்லா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

செந்தில், பள்ளிபாளையம்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்கு 44 வயது. சொந்தமாக எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். ஆள் வராத ஷிப்டில் நானே நிற்பேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பாவு நூல் சுற்றிய பீம் உருளையைத் தறியில் ஏற்றும்போது ஆரம்பித்த இடுப்புவலி இன்னும் விடவில்லை. முழுப் பாவு சுற்றிய பீமை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கித் தறிக்குப் பின்னால் வைக்க வேண்டும். அன்றைக்கு எதிர்முனையில் இருந்த பையனுக்குக் கை நழுவிவிட்டது. பீம் கீழே விழுந்தால் அவன் கால் போய்விடும் என்று நான் இடுப்பை முறுக்கித் தாங்கினேன். உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. அன்று மாலை வரைக்கும் வேலை பார்த்தேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை.

இப்போது காலையில் ஒருக்களித்துப் புரண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துத்தான் எழுகிறேன். குனிந்து முகம் கழுவுவதுதான் ரொம்ப மோசம். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மறு கையால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்கிறேன். உட்கார்ந்தால் வலி ஏறும், நடந்தால் கொஞ்சம் இறங்கும். பைக்கில் ஈரோடு போய்வந்தால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. காலுக்கு வலி இறங்குவதில்லை, மரத்துப் போவதும் இல்லை.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்கில், அதாவது ஜவ்வில், இடுப்புப் பக்கம் எல்4-எல்5 ஜவ்வில் நீர் வற்றியிருக்கிறது, கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, எல்5-எஸ்1 ஜவ்வின் ஓரத்தில் சின்னக் கிழிசல் என்று போட்டிருக்கிறார்கள். நரம்பு அழுத்தம் இல்லை. நரம்பியல் டாக்டர் ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். மாத்திரை, பெல்ட், பத்து நாள் இடுப்பை இழுத்துக் கட்டுகிற டிராக்‌ஷன், ஒரு தடவை முதுகில் ஸ்டீராய்டு ஊசி எல்லாம் ஆயிற்று. ஊசி போட்டு இரண்டு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி.

இப்போது இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு டாக்டர், என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி பிஆர்பி (தட்டணுக்கள் செறிந்த ரத்த நீர்) என்று ஜவ்வுக்குள் ஊசியாகப் போடலாம், ஒரு தடவைக்கு 25 ஆயிரம், இரண்டு தடவை போட வேண்டி வரலாம் என்கிறார். இன்னொரு ஊரில் ஒரு சென்டரில் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் (வேறு செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) எடுத்துப் போட்டால் ஜவ்வு புதிதாக வளர்ந்துவிடும், மூன்றரை லட்சம் ஆகும், இந்த மாதத்துக்குள் கட்டினால் சலுகை என்கிறார்கள். ஜவ்வு கறுப்பாக இருந்து வெள்ளையாக மாறிய ஸ்கேன் படம் ஒன்றையும் காட்டினார்கள். என் வீட்டில் வளையலை அடகு வைக்கத் தயாராக இருக்கிறாள். நான்தான் ஒரு வாரமாகத் தள்ளிப் போடுகிறேன். ஜவ்வு உண்மையிலேயே வளருமா? யாராவது செய்துகொண்டீர்களா?

கலைவாணி டீச்சர், திண்டுக்கல்:

தம்பி, நான் போன வருஷம் பிஆர்பி போட்டுக்கொண்டேன், ஆனால் ஜவ்வுக்குள் இல்லை. எனக்கு வலி இடுப்புக்குக் கீழே வலது பக்கம், புட்டத்துக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில். அது முதுகெலும்பு அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு என்று டாக்டர் அழுத்திப் பார்த்து, காலை மடக்கிப் பார்த்து, அப்புறம் மரத்துப் போகிற மருந்தை மட்டும் அந்த மூட்டில் போட்டு வலி குறைகிறதா என்று பார்த்தார். குறைந்த பிறகுதான் பிஆர்பி பேச்சையே எடுத்தார். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

நடந்ததைச் சொல்கிறேன். கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒரு சின்ன மெஷினில் வைத்துச் சுழற்றினார்கள். குழாயை வெளியே எடுத்தபோது அடியில் கருஞ்சிவப்பாகவும், மேலே வடித்த கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சளாகவும் பிரிந்திருந்தது. நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம். அந்தப் படலத்தை ஒட்டிய பகுதியை எடுத்து, டிவியில் எக்ஸ்ரே பார்த்தபடி மூட்டுக்குள் போட்டார். முன்னால் ஒரு வாரமும் பின்னால் இரண்டு வாரமும் வலி மாத்திரையில் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபன் மாதிரி எதுவும் கூடாது, பாராசிட்டமால் மட்டும் என்றார். முதல் நாலு நாள் வலி இரட்டிப்பானது. ஏன்தான் போட்டுக்கொண்டோமோ என்று அழுதேன். ஆறாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. கரும்பலகைக்கு முன்னால் ஒரு பீரியட் முழுக்க நிற்க முடிந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே ஆறு வாரமும் தினம் நடந்தேன், பயிற்சியும் செய்தேன். எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வலி போய்விட்டதா என்று கேட்டால், பாதி போயிருக்கிறது.

டாக்டர் மல்லிகா, மதுரை (வலி மருத்துவம்):

செந்தில், உங்கள் ரிப்போர்ட்டையும் நீங்கள் சொன்ன வலியையும் சேர்த்துப் பார்த்தால் ஜவ்விலிருந்தே வருகிற வலி மாதிரித் தெரிகிறது. உட்கார்ந்தால், குனிந்தால் ஏறுவது, காலுக்கு இறங்காதது எல்லாம் அதற்குப் பொருந்தும். ஆனால் உங்களை நேரில் பார்க்காமல் அது முடிவு ஆகாது. ஸ்கேனை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அதில் 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது, 50 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. ஒருவருக்கும் வலி கிடையாது. அதனால் கறுப்பு ஜவ்வை வெள்ளையாக்கினால் வலி போகும் என்கிற கணக்கே முதலில் சரியில்லை.

ஜவ்வு வளருமா என்று கேட்டீர்கள். பெரியவர்கள் உடம்பில் ரத்தக் குழாயே போகாத பெரிய உறுப்பு இந்த ஜவ்வுதான். மேலும் கீழும் இருக்கிற எலும்புத் தட்டு வழியாகச் சத்து மெல்லக் கசிந்துதான் உள்ளே போகிறது. வயது ஏற ஏற அந்தத் தட்டும் இறுகிவிடும். அந்த வறண்ட இடத்தில் புதிதாகக் கொண்டுபோய் விடுகிற செல் பிழைப்பதே கஷ்டம். பிஆர்பியில் இருப்பது செல் நட்டு வளர்க்கிற வித்தை இல்லை. காயம் பட்டால் ரத்தத் தட்டணுக்கள் விடுகிற வளர்ச்சிப் பொருட்களைச் செறிவாக்கிக் கொடுக்கிறோம். வீக்கத்தைத் தணித்து, கிழிசல் ஆறுவதற்கு உதவலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு. தணிவது வேறு, வளர்வது வேறு. இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லி விற்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

ஆய்வு என்ன சொல்கிறது என்றால், நியூயார்க்கில் 47 பேரை வைத்து நடத்திய சோதனை 2016-ல் வெளியானது. ஜவ்வுக்குள் பிஆர்பி போட்டவர்களுக்கு, வெறும் சாய மருந்து போட்டவர்களைவிட 8 வாரத்தில் வலியும் நடமாட்டமும் தேறியிருந்தது. நல்ல செய்திதான், ஆனால் 47 பேர். 2022-ல் வந்த இன்னொரு சிறிய ஆய்வில் பிஆர்பிக்கும் உப்பு நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜவ்வுக்கு ஸ்டெம் செல் போட்டு நடந்த பெரிய சோதனை ஆஸ்திரேலியாவின் மீசோபிளாஸ்ட் நிறுவனம் நடத்தியது. 404 பேர். வேறொருவர் மஜ்ஜையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிய செல்லை ஒரே ஊசியாக ஜவ்வுக்குள் போட்டார்கள். 2021-ல் முடிவு வந்தது. முன்கூட்டியே வைத்த இலக்கை அது எட்டவில்லை. வலி தொடங்கி ஐந்தாறு வருஷத்துக்குள் இருந்தவர்களிடம் வலி குறைந்த அறிகுறி தெரிந்ததால் அடுத்த சோதனைக்குப் போனார்கள். பெரிய நிறுவனம், பெருக்கி எண்ணி அளந்த செல், அதற்கே இந்த நிலை. உங்களுக்குச் சொன்ன முறையில் மஜ்ஜையை உறிஞ்சி அன்றைக்கே போடுவார்கள். மஜ்ஜைச் செல்களில் நாம் தேடுகிற வகை பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இருக்காது.

சட்டப் பக்கம் இதைவிட முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்றதெல்லாம் பதிவு செய்த ஆராய்ச்சியாக மட்டுமே நடக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 2022-ல் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ஸ்டெம்பியூசெல் என்கிற தயாரிப்புக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியைக் காட்டி முதுகுக்கும் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. முழங்காலுக்குக் கிடைத்தது முதுகுக்குச் செல்லாது. மூன்றரை லட்சம் கேட்கிறவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மருத்துவ ஆராய்ச்சிகளைப் பதிவு செய்கிற இந்தியப் பதிவேட்டில், அதாவது சிடிஆர்ஐயில், உங்கள் பதிவு எண் என்ன?

பிஆர்பி ஜவ்வுக்குள் போவதானால் கிருமி உள்ளே நுழைவதுதான் பெரிய பயம். அபூர்வம், ஆனால் வந்தால் மாதக்கணக்கில் படுக்க வைக்கும். ஆபரேஷன் தியேட்டரில், எக்ஸ்ரே திரை பார்த்து, முதுகு ஊசியில் பழகிய கை போட வேண்டும். ஓர் அறையில் கட்டிலில் படுக்க வைத்துக் குத்துகிற வேலை இல்லை. எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். நல்ல டாக்டருக்கு அந்தக் கேள்வி கோபம் வராது.

இன்னொன்று. இரவில் படுத்தாலும் விடாத வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவது இருந்தால் எந்த ஊசிக்கும் முன்னால் ரத்தத்தில் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்று உள்வீக்கம், கிருமித் தொற்றைக் காட்டிக்கொடுக்கிற இரண்டு பரிசோதனை பாருங்கள். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயை ஜவ்வுத் தேய்மானம் என்று நினைத்து மாதக்கணக்கில் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறுநீர் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப் போவது, பாதம் தூக்க முடியாமல் போவது வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அதே ராத்திரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முருகேசன், காரைக்குடி:

என் தம்பிக்கு இந்த ஸ்டெம் செல் செய்தோம். ஊர் பேர் சொல்ல விரும்பவில்லை. நாலு லட்சத்து இருபதாயிரம். அவன் பங்கு நிலத்தில் அரை ஏக்கரை விற்றோம். இடுப்பெலும்பில் துளை போட்ட இடம் மூன்று வாரம் வலித்தது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. ஒரு வருஷம் கழித்துப் போனால் இரண்டாவது டோஸ் போட்டால்தான் பலன் தெரியும் என்றார்கள். எழுதிக் கொடுத்த தாளில் செல் எத்தனை, எந்தச் சோதனைக் கூடத்தில் பார்த்தது என்று ஒரு எண்கூட இல்லை. பில்லில் 'சிறப்பு ஊசி' என்று மட்டும் இருக்கிறது. டாக்டரம்மா சொன்ன பதிவு எண்ணை அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த நிலம் இருந்திருக்கும். செந்தில் சார், வளையலை அடகு வைக்காதீர்கள்.

பிசியோ இளங்கோ, சேலம்:

செந்தில் அண்ணா, நான் தாரமங்கலம், இளம்பிள்ளைப் பக்கம் தறிக்காரர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். டிராக்‌ஷனும் பெல்ட்டும்தான் பிசியோ என்று நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த இரண்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியையும், வலியைப் புரிய வைப்பதையும் முன்னால் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு யாராவது பன்னிரண்டு வாரம் தொடர்ந்து, பாரம் படிப்படியாக ஏற்றிப் பயிற்சி கொடுத்தார்களா? எழுதியதைப் பார்த்தால் இல்லை. அதைச் செய்து பார்க்காமல் ஜவ்வுக்குள் ஊசி வேண்டாம்.

நடந்தால் வலி இறங்குகிறது என்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. இடுப்புவலியிலிருந்து தேறியவர்களில் நடைப்பயிற்சி செய்தவர்களுக்குப் பாதிப் பேருக்கு 208 நாள் வரைக்கும் வலி திரும்பவில்லை. செய்யாதவர்களுக்கு அது 112 நாள். நடைக்கு ஆன செலவு ஒரு ஜோடி செருப்பு.

தறியில் உங்களைக் கொல்வது பீம் மட்டும் இல்லை. அறுந்த இழையை எடுக்க ஒரு ஷிப்டுக்கு எத்தனை தடவை குனிகிறீர்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். இடுப்பிலிருந்து வளையாமல், ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி, தறிச் சட்டத்தில் ஒரு கை ஊன்றி இறங்குங்கள். பீம் தூக்குவதை நிறுத்துங்கள். வெல்டிங் பட்டறையில் சொன்னால் சக்கரம் வைத்த வண்டி அடித்துக் கொடுப்பார்கள். ஜாக்கி வைத்து உயரம் ஏற்றுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

செந்தில், பள்ளிபாளையம் (மூன்றரை மாதம் கழித்து):

டாக்டரம்மா, கலைவாணி அக்கா, முருகேசன் அண்ணா, இளங்கோ தம்பி, எல்லோருக்கும் நன்றி. என்ன ஆனது என்று எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

அந்த சென்டருக்குப் போன் போட்டு சிடிஆர்ஐ எண் கேட்டேன். "அதெல்லாம் ஆராய்ச்சிக்குத்தான் சார், நாங்கள் செய்வது சிகிச்சை" என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். மேனேஜர் கூப்பிடுவார் என்றார்கள். இன்று வரை கூப்பிடவில்லை. சலுகை மாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது.

பிஆர்பி டாக்டரிடமும் டாக்டரம்மா சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். ஜவ்வுக்குள் இதுவரை முப்பது பேருக்குப் போட்டிருப்பதாகவும், பாதிக்குக் கொஞ்சம் அதிகமானவர்கள் தேவலை என்று சொன்னதாகவும், நாலைந்து பேர் திரும்பியே வரவில்லை, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். ஜவ்வு வளராது என்று நேராகவே சொன்னார். ரத்தம் பார்த்ததில் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் சரி. "பன்னிரண்டு வாரம் பயிற்சி முடித்துவிட்டு வாங்க, அப்பவும் இதே வலி என்றால் போடலாம்" என்று அனுப்பிவிட்டார். 25 ஆயிரம் கிடைக்கிற இடத்தில் அப்படிச் சொன்ன மனுஷர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இளங்கோ தம்பி சொன்ன மாதிரி குனிவதை எண்ணினேன். ஒரு ஷிப்டில் நூற்று எழுபது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். பட்டறையில் பீம் வண்டி அடித்தோம், பதினோராயிரம் ஆனது. முதல் வண்டியில் சக்கரம் சின்னதாகப் போய், தறிக்கு நடுவில் தரை உடைந்திருக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டது. சக்கரத்தை மாற்றின பிறகு நன்றாக ஓடுகிறது. பீமை இப்போது யாரும் தூக்குவதில்லை, அந்தப் பையனும்கூட. காவிரிப் பாலத்தில் விடியற்காலை நடக்கிறேன், முதலில் பத்து நிமிஷம், இப்போது நாற்பது. ஈரோட்டில் ஒரு பிசியோ பொண்ணு வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறது. வெறும் தரையில் ஆரம்பித்து இப்போது மணல் மூட்டை தூக்க வைக்கிறது. ஐந்தாவது வாரம் வலி கூடி நாலு நாள் படுத்துவிட்டேன். விட்டுவிடலாம் என்று இருந்தேன். அந்தப் பொண்ணு வீட்டுக்கே வந்து, இது கிழிந்த வலி இல்லை, பழகாத வலி என்று சொல்லி எழுப்பி நடக்க வைத்தது.

பத்துக்கு ஏழாக இருந்த வலி நாலுக்கு வந்திருக்கிறது. போகவில்லை. உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இன்னும் ஏறுகிறது. போன வாரம் ஒரு நாள் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது என் வீட்டில் வந்து நின்று பார்த்தாள். என்ன என்றேன். "ரெண்டு கையாலயும் கழுவறீங்க" என்றாள். நான் கவனிக்கவே இல்லை.

பிஆர்பி வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு, நாலிலேயே நின்றுவிட்டால் அந்த டாக்டரிடமே போவேன். இளங்கோ தம்பி, ஒரு சந்தேகம். பைக்கில் ஈரோடு போய்வர ஆரம்பிக்கலாமா, இல்லை பஸ்ஸிலேயே போகட்டுமா?

பிசியோ இளங்கோ, சேலம்:

இன்னும் ஒரு மாதம் பஸ்ஸிலேயே போங்கள் அண்ணா. உட்கார இடம் கிடைத்தாலும் பாதித் தூரம் நின்றுகொண்டு போங்கள். அப்புறம் பைக் எடுக்கும்போது முதலில் காவிரிப் பாலம் வரைக்கும் போய்வந்து பாருங்கள். அன்று ராத்திரி தூக்கம் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள்.